பாலத்தைக் கண்டால் படபடப்பா?

பாம்பன் சாலைப் பாலத்தில் பஸ் ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொள்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணை மூடினால் அந்த நிமிடம் தப்பிக்கலாம், ஆனால் அடுத்த முறை பயம் இன்னும் கூடத்தான் செய்யும். விலகி ஓடும்போது கிடைக்கும் நிம்மதியே பயத்துக்குத் தீனி.

அதனால் படிப்படியாகப் பழகுங்கள். முதலில் மண்டபம் ஊர்ப் பக்கம் நின்று பாலத்தைப் பார்த்தால் போதும். படபடப்பு ஏறும், கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். இறங்கும்வரை நிற்பதுதான் முக்கியம். பாதியில் திரும்பினால் பலன் இல்லை. அது பழகியதும் துணையோடு கொஞ்ச தூரம் நடை, அப்புறம் பஸ்ஸில் ஜன்னலோர சீட். வாரத்துக்கு ஒரு தடவை என்றில்லாமல் அடுத்தடுத்த நாட்களில் செய்தால் சீக்கிரம் பழகும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். இதயத் துடிப்பு தணியும்.

தூக்கம் கெட்டால் எந்தப் பயமும் பெரிதாகும். இரவு டீயை விட்டுவிடலாம். புயல் காலத்தில் வாட்ஸ்அப் ஆடியோக்களையும்தான். பாம்பனில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலே ஊர் அழியப்போகிறது என்று குரல் பதிவு வரும். அந்தக் கூண்டு, தொலைவில் புயல் உருவாகலாம் என்ற முன்னெச்சரிக்கை மட்டுமே. வானிலை மைய அறிக்கையைக் காலையும் மாலையும் பார்த்தால் போதும்.

பயத்தால் வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் தடுமாறினால் 14416க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.