பாக்கியாவோவின் இடக்கைக் குத்து: பழகும் விதம்

எட்டு எடைப்பிரிவுகளில் பட்டம் வென்ற பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவோவுக்குக் கையைவிடக் கால்தான் பெரிய ஆயுதம்.

வலது காலை எதிராளியின் இடது பாதத்துக்கு வெளிப்புறமாக முன்வையுங்கள். முன்னிருக்கும் வலக்கையால் ஜாப் (சட்டென்று நீட்டி எடுக்கும் குத்து) போட்டு அவர் கண்ணை மறையுங்கள். பின்குதிகாலைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, இடக்கையை நேராக விடுங்கள். குதிகால் தரையில் ஒட்டியிருந்தால் குத்தில் தோள்பலம் மட்டுமே இருக்கும். அடித்ததும் வலப்பக்கம் விலகுங்கள். நேராகவே பாய்ந்தால் எதிராளியின் வலக்கை காத்திருக்கும். 2012-இல் மெக்சிகோ வீரர் மார்க்கெஸிடம் ஆறாவது சுற்றில் பாக்கியாவோவே அப்படித்தான் விழுந்தார்.

மூன்று நிமிடப் பயிற்சி, ஒரு நிமிட ஓய்வு. தொடக்கத்தில் நான்கு சுற்று போதும். செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் மொட்டைமாடி வேண்டாம், பாசியில் பின்கால் வழுக்கும். கையுறைக்குள் சுற்றும் நாலரை மீட்டர் கைக்கட்டுத் துணியை ஈரத்தோடு சுருட்டினால் நாறும். விசிறிக்கடியில் விரித்துப் போடுங்கள்.