அனலாக் வகுத்தல் சுற்றின் சிமுலேஷன்: வகுக்கும் எண்ணான பகுதியிலும் பவர் சப்ளையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூற்பாலையில் பஞ்சு இழைகளை இழுத்து மெலிதாக்கும் டிரா ஃபிரேம் இயந்திரத்தில் முன் ரோலரின் பரப்பு வேகத்தைப் பின் ரோலரின் பரப்பு வேகத்தால் வகுத்தால் கிடைப்பதே டிராஃப்ட். கோவை, பல்லடம் வட்டாரத்தில் படிக்கும் மாணவர்கள் இந்த வகுத்தலை அனலாக் சுற்றால் செய்து காட்ட முனைவது மிகவும் பொருத்தமானது. இரு ரோலர்களிலும் மாட்டிய டேக்கோ ஜெனரேட்டர்கள் (வேகத்துக்கேற்ற மின்னழுத்தம் தருபவை) தரும் மின்னழுத்தங்களே தொகுதியும் (வகுபடும் எண், முன் ரோலர்) பகுதியும் (வகுக்கும் எண், பின் ரோலர்) ஆகிவிடும். ஆப்-ஆம்ப் என்ற பெருக்கி ஐசியின் ஃபீட்பேக் பாதையில் (வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் வழி) இரு மின்னழுத்தங்களைப் பெருக்கும் ஏடி633 மல்டிப்ளையர் ஐசியை வைத்தால், தொகுதியைப் பகுதியால் வகுத்து மைனஸ் 10-ஆல் பெருக்கிய அளவு வெளியீடாக வரும். சிமுலேஷனில் விடை பிசகினால் பலரும் ஐசி மாடலைச் சந்தேகிக்கிறார்கள். நான் பார்த்தவரை, பிழை அநேகமாகப் பகுதியிலோ பவர் சப்ளையிலோதான் இருக்கிறது.

அந்த 10-ஐ மறப்பதுதான் முதல் தவறு. முன் ரோலர் 8 வோல்ட், பின் ரோலர் 1 வோல்ட் என்று கொடுத்துவிட்டு 8 வரும் என்று காத்திருந்தால், சுற்று 80 வோல்ட் தர முயன்று, 15 வோல்ட் சப்ளைக்குச் சற்றுக் கீழே முட்டி நின்றுவிடும். இதற்காகத் தொகுதியைப் பத்தில் ஒன்றாகக் குறைப்பவர்கள் உண்டு. விடை சரியாக வந்தாலும் அது நல்ல வழியன்று. மல்டிப்ளையரில் 10 மில்லிவோல்ட் ஆஃப்செட் (உள்ளீடு இல்லாதபோதும் வரும் சிறு பிழை மின்னழுத்தம்) இருப்பதாகக் கொள்வோம். பகுதி 1 வோல்ட்டாக இருக்கையில் அது வெளியீட்டில் 100 மில்லிவோல்ட் பிழையாக வளரும். பகுதியை 8 வோல்ட்டுக்கு உயர்த்தி, தொகுதியை 6.4 வோல்ட்டில் வைத்தால் வெளியீட்டின் அளவு அதே 8 வோல்ட்தான், பிழையோ 12.5 மில்லிவோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஆகவே பகுதியைப் பெரிதாக்குவதே முறை.

மில் நிற்கும் தறுவாயில் பின் ரோலரின் மின்னழுத்தம் சுழியை நெருங்குவதையும் சிமுலேஷனில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பகுதி சுருங்கச் சுருங்க ஃபீட்பேக் வலுவிழந்து, சுற்றின் வேகமும் குறைந்து, முடிவில் வெளியீடு ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும். டேக்கோவின் இரு வயர்கள் இடம் மாறிப் பகுதி மைனஸ் ஆனால் இன்னும் மோசம்: நெகட்டிவ் ஃபீட்பேக் பாசிட்டிவ் ஃபீட்பேக்காக மாறி, வெளியீடு ஒரு முனையில் பூட்டிக்கொள்ளும். பகுதி ஒரு குறைந்தபட்ச பாசிட்டிவ் அளவுக்குக் கீழே போகாதபடி கட்டுப்படுத்தும் ஏற்பாடு வேண்டும்.

சப்ளையில் நேரும் சிறு தவறுகளைக் கண்ணாலேயே பிடிக்கலாம். மைனஸ் 15 வோல்ட் சப்ளைக்கான பேட்டரியைத் தலைகீழாக வைத்து, மதிப்பிலும் மைனஸ் போட்டால் இரண்டும் சேர்ந்து பிளஸ் ஆகிவிடும். கிரவுண்ட் இல்லாத சுற்று ஓடாது. டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிப் பக்கத்துக்கும் ஒரு கிரவுண்ட் கொடுக்க வேண்டும். எல்டிஸ்பைஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில் 'எம்' (M) என்ற ஓரெழுத்து, பெரிதானாலும் சிறிதானாலும், மில்லியையே குறிக்கும். மெகாவுக்கு 'மெக்' (Meg) என்று மூன்றெழுத்தும் எழுத வேண்டும்.

முழு பவர் சப்ளையையும் வரைபவர்கள் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். சைன் அலைக்குக் கொடுக்கும் எண் உச்ச மதிப்பு. 230 வோல்ட் மின்சாரத்துக்கு 325 என்று எழுத வேண்டும். 230 என்றே எழுதினால் 15-0-15 டிரான்ஸ்ஃபார்மரில் (நடு முனையின் இருபுறமும் 15 வோல்ட் தருவது) ஒவ்வொரு பக்கமும் உச்சத்தில் 15 வோல்ட்தான் வரும். அதைக் கொண்டு, மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் 7815 ரெகுலேட்டர் ஐசியால் 15 வோல்ட் தர முடியாது. அடுத்தது சுருள்களின் இண்டக்டன்ஸ் விகிதம்: அது சுற்று எண்ணிக்கை விகிதத்தின் வர்க்கம். பிரைமரி 10 ஹென்றி என்றால் ஒவ்வொரு 15 வோல்ட் சுருளும் ஏறத்தாழ 42.5 மில்லிஹென்றி.

இதெல்லாம் சரியான பிறகு, தோட்டத்து மோட்டார்கள் ஒருசேர ஓடும் லோ வோல்டேஜ் நேரத்தை மனத்தில் வைத்து, உள்ளீட்டை 200 வோல்ட்டுக்கு (உச்சம் 283) இறக்கி மறுபடி ஓட்டுங்கள். 1,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் 100 மில்லிஆம்பியர் சுமையும் இருந்தால் ரிப்பிள் (டிசியில் எஞ்சும் ஏற்ற இறக்கம்) சுமார் 1 வோல்ட். 18.4 வோல்ட் உச்சத்தில் டையோடுக்கும் ரிப்பிளுக்கும் போக மிஞ்சுவது 16.6, ரெகுலேட்டருக்குச் சுமார் 17 வேண்டும். 15 வோல்ட் ரெயிலின் (சப்ளை லைன்) அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நொடிக்கு 100 பள்ளங்கள் தெரியும். 18-0-18 டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறி, 35 வோல்ட் தாங்கும் கெபாசிட்டர்களைப் போட்டால் பள்ளங்கள் மறைந்துவிடும்.