உயரக் கயிற்றுப் பாதையில் ஏறுவது எப்படி: கடலூர், புதுச்சேரிக் கடற்கரைக்கு ஒரு வழிகாட்டி

விடுமுறைக்குப் புதுச்சேரி வருபவர்கள் கடற்கரைச் சாலையையும் சுண்ணாம்பாற்றுப் படகுத் துறையையும் பார்க்காமல் திரும்புவதில்லை; கடலூர் வருபவர்கள் வெள்ளிக் கடற்கரையையும் பிச்சாவரத்தையும் விடுவதில்லை. இந்தச் சுற்றுலாவுக்கு இடையே, தங்கிய விடுதியின் தோப்பிலோ ஒரு சாகச விளையாட்டுத் திடலிலோ 'ரோப் கோர்ஸ்' எனப்படும் உயரக் கயிற்றுப் பாதை கண்ணில் பட்டுவிட்டால், பிள்ளைகள் ஏறியே தீருவோம் என்று நிற்பார்கள். பெரியவர்களுக்கும் உள்ளூர ஆசை இருக்கத்தான் செய்யும். மரங்களுக்கோ தூண்களுக்கோ இடையே எஃகு வடம் இழுத்துக் கட்டி, அதில் தொங்கும் பலகை, ஆடும் கட்டை, வலை, ஒற்றைக் கம்பி ஆகியவற்றின் மேல் கால்வைத்து ஒரு மேடையிலிருந்து அடுத்த மேடைக்குக் கடந்து செல்வதே இந்த விளையாட்டு. கால் தவறினாலும் கீழே விழாதபடி, உடம்பில் ஹார்னஸ் எனும் பாதுகாப்புப் பட்டையும், அதை மேலுள்ள வடத்தோடு இணைக்கும் லேன்யார்ட் கயிறும் பூட்டப்பட்டிருக்கும். இதற்குத் துணிச்சல் எல்லோரும் நினைக்கும் அளவுக்குத் தேவையில்லை. ஏறலாமா வேண்டாமா என்பதைத் தரையில் நின்றே தீர்மானிக்கத் தெரிய வேண்டும்; மேலே லேன்யார்டின் முனையிலுள்ள கொக்கியை ஒரு வடத்திலிருந்து அடுத்த வடத்துக்கு மாற்றும் வரிசை கைக்குப் பழகியிருக்க வேண்டும். இவ்விரண்டையும் பற்றியே இங்கு விரிவாகச் சொல்கிறேன்.

இந்த விளையாட்டின் வேர்களில் ஒன்று பிரெஞ்சுக் கடற்படையில் இருக்கிறது என்பது புதுச்சேரிக்காரர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம். 1875இல் பிறந்த ழார்ஜ் எபேர் என்ற கடற்படை அதிகாரி, ஓடுதல், ஏறுதல், சமநிலை காத்தல் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட உடற்பயிற்சி முறை ஒன்றை வகுத்தார். தடை தாண்டும் பயிற்சித் திடல்கள் அம்முறையின் வழியே பரவின. இன்றைய கயிற்றுப் பாதைகளும் அந்த மரபைச் சேர்ந்தவையே.

எப்போது போவது

கத்திரி வெயில் காயும் மே மாதத்தில் காலை 9 மணிக்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். இல்லையெனில் மாலை 4 மணிக்குப் பிறகு போக வேண்டும். நண்பகலில் எஃகு வடமும் கொக்கியும் தொட முடியாதபடி சூடேறிவிடும். ஹெல்மெட்டுக்குள் வழியும் வியர்வை கண்ணில் இறங்கினால் பலகையின் விளிம்பே தெரியாது. வெயில் ஏற ஏறக் கடற்காற்றும் கிளம்பும் என்பதால், காலையில் அசையாமல் இருந்த பலகை பிற்பகலில் ஊஞ்சலாடத் தொடங்கும். தை, மாசி மாதங்கள் இதமானவை. ஆயினும் விடியற்காலைப் பனியில் நனைந்த மரப்பலகை வழுக்கும் என்பதால், வெயில் சற்றுப் படும்வரை பொறுத்திருப்பது நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். தூறலில் நடத்தும் இடங்களும் உண்டு. ஆனால் இடிச் சத்தம் தொலைவில் கேட்டாலும் உடனே இறங்கிவிட வேண்டும், ஏனெனில் உயரத்தில் எஃகு வடத்தோடு பூட்டப்பட்டு நிற்பவருக்கு மின்னல் வேளையில் ஒதுங்க இடமில்லை. புயல் கடந்த பிறகு வரும் வாரங்களில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பண்ருட்டி வட்டாரத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததையும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும் பார்த்த இப்பகுதி மக்களுக்கு, வெளிப் பார்வைக்கு உறுதியாக நிற்கும் மரம் மண்ணுக்குள் அசைந்திருக்கக்கூடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. புயலுக்குப் பின் மரங்களையும் தூண்களையும் யாரேனும் சோதித்தார்களா என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அன்றைக்குப் படகுச் சவாரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தரையில் நின்று பார்க்க வேண்டியவை

கடலோரத்தில் கயிற்றுப் பாதைக்கு மூன்று பகைகள் உண்டு: உப்புக்காற்று, வெயில், மணல். உப்புக்காற்று எஃகைத் தின்னும். ஆகவே வடத்தின் மேல் செந்துரு வழிந்த கறையோ, இழை முறிந்து முள்போல நீட்டிக்கொண்டிருப்பதோ தெரிகிறதா என்று பாருங்கள். வடத்தின் முனையை மடக்கிப் பிடித்திருக்கும் கவ்விகள் பொதுவாக மூன்றேனும் இருக்க வேண்டும். அவற்றின் மரைகளும் துருப்பிடித்துக் கரைந்திருக்கக் கூடாது. இரும்புத் தூணாக இருந்தால், அது மண்ணைத் தொடும் இடத்தைக் குனிந்து பார்ப்பது முக்கியம். மேலே புது வண்ணம் பூசிய தூண்கள் அடியில் இற்றுப்போவது கடற்கரை வீட்டுக் கிராதிகளில் நாம் அன்றாடம் காண்பதுதான்.

வெயில் நைலான் பட்டைகளை நலிவாக்கும். ஹார்னஸின் நிறம் வெளுத்து, துணி விறைத்து, தையல் நூல் பிசிறு பிசிறாக நின்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று கேளுங்கள். உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் துணியாலான பாதுகாப்புக் கருவிகளுக்கு அதிகபட்சம் 10 ஆண்டு ஆயுள் குறிப்பிடுகிறார்கள். தயாரித்த ஆண்டு பட்டையின் உட்புறச் சீட்டில் இருக்கும். சீட்டே கிழிந்துபோன ஹார்னஸை நான் அணியமாட்டேன்.

மணலை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கொக்கியின் வாயில் உள்ள சுருள்வில்லுக்குள் நாலு மணல் துகள்கள் போனாலும் அது முழுதாக மூடாமல் நின்றுவிடும். கொக்கியை நீங்களே திறந்துவிட்டுப் பாருங்கள்: விரலை எடுத்ததும் அது தானாகவே பட்டென்று மூடிப் பூட்டிக்கொள்ள வேண்டும். அதன் முதுகில் கிலோநியூட்டன் கணக்கில் தாங்குதிறன் பொறிக்கப்பட்டிருக்கும். நீளவாக்கில் 22 என்றிருந்தால் ஏறத்தாழ 2,200 கிலோ எடையின் இழுப்பைத் தாங்கும் என்று பொருள். குறுக்குவாக்கில் இழுபடும்போதோ, வாய் திறந்திருக்கும்போதோ இந்த வலு மூன்றில் ஒரு பங்காகச் சரிந்துவிடுவதால், கொக்கி பூட்டியிருப்பதும் நேராகத் தொங்குவதும் சிறு விஷயங்கள் அல்ல.

பிறகு நடத்துபவர்களிடம் பேசுங்கள். இந்தியச் சுற்றுலா அமைச்சகத்துக்காக 2018இல் வெளியிடப்பட்ட சாகசச் சுற்றுலா வழிகாட்டு நெறிகளில், சரிவான வடத்தில் உருளையில் தொங்கியபடி சறுக்கிச் செல்லும் ஜிப்லைனுக்கும் உயரக் கயிற்றுப் பாதைக்கும் தனிப் பகுதியே இருக்கிறது. ஐரோப்பாவில் ஈஎன் 15567 என்ற தரநிலை இருக்கிறது. எதைப் பின்பற்றுகிறீர்கள், கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. நான் இவற்றைவிட முக்கியமாகக் கருதும் கேள்வி ஒன்று உண்டு: நடுவழியில் ஒருவர் பயந்து உறைந்துபோனால் எப்படி இறக்குவீர்கள்? நல்ல பயிற்றுநர் மீட்புப் பையைக் காட்டி, இரண்டு வாக்கியத்தில் முறையைச் சொல்லிவிடுவார். 'அப்படியெல்லாம் ஆகாது சார்' என்பது பதில் அல்ல.

உடலும் உடையும்

கர்ப்பிணிகள், இதய நோயோ வலிப்பு நோயோ உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தோள் மூட்டு அடிக்கடி நழுவுபவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஏறாமல், பயிற்றுநரிடம் முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும். புதுச்சேரி என்றவுடன் சிலருக்கு நினைவுக்கு வருவது மதுக்கடை. முந்தின இரவின் மயக்கம் தெளியாதவர்களுக்கும் மேலே வேலையில்லை. வயிறு முட்ட மீன் சாப்பாடு சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரமாவது பொறுங்கள், ஏனெனில் ஹார்னஸின் இடுப்புப் பட்டை வயிற்றைத்தான் இறுக்கும்.

முட்டியை மூடும் கால்சட்டை, உடம்போடு ஒட்டிய மேலாடை, விரல்களை மூடும் காலணி ஆகியவை போதும். சேலையும் வேட்டியும் ஒத்துவராது. துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மோதிரத்தைக் கட்டாயம் கழற்றுங்கள். வழுக்கும்போது மோதிரம் கம்பியில் மாட்டினால், உடல் எடை முழுதும் அந்த ஒரு விரலில் இறங்கி, தோலையும் சதையையும் உரித்துவிடும். தாலிச் சரடைக் கழற்ற மனம் வராதவர்கள், அதை உள்ளாடைக்குள் செலுத்தி மேலே இறுக்கமான பனியன் அணிவது வழக்கம். நீண்ட சங்கிலியைத் தொங்கவிட்டு ஏறுவது மட்டும் கூடாது. கூந்தலைப் பின்னி, பின்னலையும் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். கைபேசி கீழே இருக்கட்டும். அது கை நழுவினால் அடியில் நிற்பவரின் தலையில்தான் விழும்.

ஹார்னஸ் அணிவதில் பலரும் இடுப்புப் பட்டையைப் பேண்ட் பெல்ட் அளவுக்குத் தாழ்த்தி விடுகிறார்கள். அது இடுப்பெலும்பின் மேட்டுக்கு மேலே, இறுக்கமாக இருக்க வேண்டும். தலைகீழாகப் புரண்டாலும் நழுவாமல் காப்பது அந்த எலும்புதான். தொப்பை பெருத்தவர்களுக்கும், இடுப்பு இன்னும் அகலாத சிறு பிள்ளைகளுக்கும் தோள்பட்டையும் சேர்ந்த முழு உடல் ஹார்னஸைக் கேட்டு வாங்குங்கள். தொடைப் பட்டைக்குள் விரித்த உள்ளங்கை நுழையலாம், மடக்கிய கைமுட்டி நுழையக் கூடாது. ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நின்று, தலையை ஆட்டினாலும் அசையாமல் இருக்க வேண்டும்.

கொக்கி மாற்றும் வரிசை

சில இடங்களில் கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்து நம்மைக் காப்பார். வேறு சில இடங்களில் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கழற்ற முடியாத உருளை ஒன்று வடத்தில் நம்மோடு கூடவே வரும். குடும்பத்தோடு முதன்முறை ஏறுபவர்கள் அப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுப்பது உத்தமம். மூன்றாவது வகையில் நமக்கு இரண்டு லேன்யார்டுகள் தரப்பட்டு, ஒவ்வொரு மேடையிலும் கொக்கிகளை நாமே மாற்ற வேண்டியிருக்கும். இதில் விதி ஒன்றுதான்: எந்த நொடியிலும் ஒரு கொக்கியேனும் வடத்தில் பூட்டியிருக்க வேண்டும். மேடைக்கு வந்ததும் முதல் கொக்கியைக் கழற்றி அடுத்த வடத்தில் மாட்டி, பூட்டியதைக் கண்ணால் பார்த்து, கையால் இழுத்துப் பார்த்த பிறகே இரண்டாவதைத் தொட வேண்டும். இரண்டும் புதிய வடத்துக்கு வந்த பின்தான் கால் நகர வேண்டும். களைப்பு ஏறிய கடைசி மேடைகளில்தான் இந்த வரிசை குலையும் என்பதால், ஒவ்வொரு முறையும் 'ஒன்று பூட்டியாச்சு, இரண்டு பூட்டியாச்சு' என்று வாய்விட்டுச் சொல்வது நல்ல பழக்கம், வெட்கப்பட வேண்டியதில்லை. ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காத இணைப்புக் கொக்கிகளும் உண்டு. அவை இருந்தாலும் இந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

தரையை ஒட்டிய பயிற்சிப் பாதையில் இதைத் தடுமாறாமல் செய்து காட்டிய பிறகே மேலே போக வேண்டும். அங்கேயே ஒருமுறை கால்களைத் தூக்கி ஹார்னஸில் உட்கார்ந்து தொங்கிப் பாருங்கள். உடம்பு ஒருமுறை அந்தப் பிடிமானத்தை உணர்ந்துவிட்டால் மேலே கால் நடுங்குவது பாதியாகக் குறையும். தொங்கும்போது கையை நீட்டினால் மேலுள்ள வடம் எட்டுகிறதா என்றும் பாருங்கள். எட்டவில்லை என்றால் லேன்யார்டு உங்கள் உயரத்துக்கு நீளம் அதிகம். விழுந்தால் தாமாக ஏற முடியாது. பிள்ளைகளின் விஷயத்தில் வயதைவிட இந்தக் கையெட்டும் தூரமே சரியான அளவுகோல்.

நடக்கும்போது எடையைக் கால்களில் வையுங்கள். கைகள் சமநிலைக்கு மட்டுமே. கையால் இழுத்து இழுத்துப் போகிறவர்களின் முன்கை மூன்றாவது தடையிலேயே மரத்துவிடும். ஒற்றைக் கம்பியில் பாதங்களைச் சற்றே வெளிப்புறம் திருப்பி, பக்கவாட்டில் நகருங்கள். ஆடும் பலகையில் ஓரத்தை விட்டு நடுவில் மிதியுங்கள். வலையில் கணுவுக்குக் கணு காலை மேலேற்றி, கையை மார்பு உயரத்துக்கு மேல் நீட்டாமல் ஏறுங்கள். பார்வை அடுத்த மேடையின் மேல் இருக்கட்டும். ஒரு தடையில் ஒருவர் மட்டுமே செல்ல வேண்டும். முன்னால் போகிறவர் அடுத்த மேடையை அடையும்வரை காத்திருங்கள், கீழிருந்து உறவினர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

கால் தவறினால் வடத்தையோ மரத்தையோ தாவிப் பிடிக்க வேண்டாம். உராய்ந்து கை கிழியும். ஹார்னஸில் தொங்கி நின்று, மூச்சு வாங்கி, லேன்யார்டைப் பிடித்து உடம்பைத் திருப்பி, காலை முதலில் பலகை மேல் போட்டு எழுங்கள். இரண்டு முயற்சிக்குள் முடியாவிட்டால் உரக்க உதவி கேளுங்கள். காத்திருக்கும்போது அசையாமல் தொங்கக் கூடாது. பட்டை தொடையை அழுத்துவதால் இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரலாம். முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள்.

பெரும்பாலான பாதைகள் ஜிப்லைனில் முடியும். கை எப்போதும் உருளைக்குக் கீழே, லேன்யார்டின் மேல் இருக்க வேண்டும்; உருளைக்கு முன்னால் வடத்தைப் பிடித்தால் விரல் நசுங்கும். எடை கூடியவர் வேகமாக வந்து சேர்வார், மெலிந்தவர் நடுவிலேயே நின்றுவிடலாம். ஆகவே உங்கள் எடையைச் சொல்லும்போது ஐந்து கிலோ குறைத்துச் சொல்லாதீர்கள். மேடை நெருங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கி, பயிற்றுநர் பிடிக்கும்வரை கையை விடாமல் இருங்கள். அவர் சொன்ன பிறகே கொக்கி கழற்ற வேண்டும்.

ஏறும் முன் கையொப்பமிடும் படிவத்தை வாசித்துவிட்டே கையெழுத்திடுங்கள். விபத்துக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டுக்கு விலக்கு உண்டு என்பதால், பாலிசியையும் வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அடிபட்டால் 108 ஆம்புலன்ஸ் இரு ஊர்களிலும் வரும். புதுச்சேரிப் பக்கம் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. இறங்கியதும் ஹார்னஸைக் கடற்கரை மணலில் வீசாமல் மேசைமேல் வைத்துவிட்டு, மேலே தளர்ந்த பலகையோ திணறிய கொக்கியோ கண்டிருந்தால் அடுத்த குழு ஏறுவதற்கு முன் பயிற்றுநரிடம் இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.