மூச்சை அடக்கியதுதான் தப்பு

குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து 6 வாரம் கழித்து, மெதுவாக உடற்பயிற்சியை ஆரம்பிக்கலாம் என்றார் மருத்துவர். அதுவரை நடை மட்டும்தான். ‘மெதுவாக’ என்ற வார்த்தை என் காதில் விழவே இல்லை. அன்றே பழைய 10 கிலோ டம்பெல்லை எடுத்தேன். மூன்றாவது தடவை தூக்கும்போது தையல் போட்ட இடம் சுருக்கென்று இழுத்தது.

நல்லவேளை, மருத்துவர் பார்த்துவிட்டு எதுவும் ஆகவில்லை என்றார். அப்புறம் பிசியோதெரபிஸ்ட் தூக்கிக் காட்டச் சொன்னார். அவர் எடையைவிட என் மூச்சைத்தான் கவனித்தார். தம் கட்டித் தூக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, ஆறிக்கொண்டிருக்கும் இடத்தைத் தள்ளுமாம். தூக்கும்போது மூச்சை விட வேண்டும், இறக்கும்போது இழுக்க வேண்டும். கேட்க எளிதுதான், ஆனால் பழக இரண்டு வாரம் பிடித்தது. கடைசியில் சத்தமாக எண்ணிக்கொண்டே செய்தேன். பேசிக்கொண்டே மூச்சை அடக்க முடியாதே!

டம்பெல் பரணுக்குப் போனது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் தண்டால், மெல்லிய ரப்பர் பேண்டை இழுப்பது என ஒவ்வொன்றும் 10 முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலை அந்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாவிட்டால் மட்டும் 2 தடவை கூட்டுவேன்.

நான்காம் மாதம் டம்பெல்லை இறக்கினேன். இன்னும் எண்ணிக்கொண்டேதான் தூக்குகிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.