வீட்டில் அலர்ஜியா? மெத்தையிலிருந்து ஆரம்பியுங்கள்

காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, வெளியே கிளம்பிப் போனால் கொஞ்சம் தேவலை என்றால் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம். இந்த நிலையில் பலர் முதலில் வாங்குவது ஏர் பியூரிஃபையர். அதற்கு அவசரமே இல்லை, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

படி 1: எது ஒத்துக்கொள்ளவில்லை?

தூசுப்பூச்சி, பூஞ்சை, கரப்பான், பூனை அல்லது நாய், மகரந்தம். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது, மருத்துவர் சொல்வதைச் செய்துகொள்ளுங்கள். பூனைதான் பிரச்சினை என்றால் மெத்தை உறைக்குப் பணம் போட்டு என்ன பயன்? மூச்சிரைப்பு உள்ளவர்கள், வீட்டைச் சுத்தம் செய்துவிட்டோமே என்று இன்ஹேலரைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

படி 2: படுக்கை

நேரமோ பணமோ குறைவு என்றால் இந்த ஒரு படியை மட்டுமாவது செய்யுங்கள். தூசுப்பூச்சி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொள்ளும். தோலும் வியர்வையும் கதகதப்பும் சேர்ந்து கிடைக்கும் மெத்தையை விட அதற்கு வேறு என்ன வேண்டும்! நம்மைத் தும்ம வைப்பது பெரும்பாலும் அதன் எச்சத்தில் உள்ள புரதம். அதனால் பூச்சியைக் கொன்றால் மட்டும் போதாது, எச்சத்தையும் அலசி வெளியேற்ற வேண்டும்.

விரிப்பு, தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். துணி அந்தச் சூட்டைத் தாங்குமா என்று லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் மெத்தைக்கும் தலையணைக்கும், ஆறு பக்கமும் மூடி ஜிப் போடுகிற, நெருக்கமாக நெய்த உறை வாங்கி மாட்டுங்கள். மேலே மட்டும் விரிக்கிற வகை இதற்கு உதவாது. குழந்தைகளின் பொம்மையை வெந்நீரில் போட முடியாவிட்டால், பையில் கட்டி ஒரு நாளுக்கு மேல் ஃப்ரீசரில் வையுங்கள், பூச்சி செத்துவிடும். அதற்குப் பிறகு சாதாரணத் தண்ணீரில் அலசினால் எச்சமும் போய்விடும்.

படி 3: தூசியைக் கிளப்பாமல் எடுப்பது

காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் பாதித் தூசி மேலே கிளம்பி நம் மூக்குக்குத்தான் வரும். ஈரத் துணியால் துடையுங்கள், மேலிருந்து கீழாக: மின்விசிறி இறக்கை, அலமாரி மேல்பக்கம், கடைசியில் தரை. வாக்குவம் கிளீனர் என்றால், மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் உள்ளது நல்லது. 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்பது அந்த ஃபில்டருக்கான அளவுகோல். அலர்ஜி உள்ளவரே சுத்தம் செய்ய வேண்டியிருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்துவிட்டு, அரை மணி நேரம் அந்த அறைப் பக்கம் போகாமல் இருப்பது புத்திசாலித்தனம். படுக்கையறைத் தரைவிரிப்பை எடுத்துவிட முடிந்தால் எடுத்துவிடுங்கள், அதை எவ்வளவு சுத்தம் செய்தாலும் திருப்தியாக வராது.

படி 4: ஈரம்

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தூசுப்பூச்சி தாக்குப்பிடிக்கத் திணறும், பூஞ்சையும் சுலபமாக வளராது. குளியலறைக் காற்று வெளியேறும் விசிறியைக் குளித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். சுவரில் நீர்க்கசிவு இருந்தால் அதை அடைக்காமல் மேலே பெயின்ட் அடிப்பது வீண் செலவு, பூஞ்சை திரும்ப வந்துவிடும். நனைந்த துணி, மெத்தை, அட்டைப்பெட்டி எதுவானாலும் இரண்டு நாளுக்குள் காய வேண்டும்.

படி 5: மற்றவை

கரப்பானுக்கு ஸ்ப்ரே அடித்தால் அந்த வாடையே மூச்சுக்குழாயை எரிச்சலாக்கும். ஜெல் மருந்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடுக்குகளில் வையுங்கள், ராத்திரி குப்பைக்கூடையை மூடி, எச்சில் பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் படுங்கள். மகரந்தக் காலத்தில் ஜன்னலைச் சாத்துங்கள், வெளியிலிருந்து வந்ததும் உடை மாற்றிக் குளித்துவிடுங்கள். பூனை, நாயைப் படுக்கையறைக்குள் விடவே கூடாது. பூனையை வேறு இடத்துக்கு அனுப்பினாலும் அதன் எச்சிலிலும் தோலிலும் வரும் புரதம் வீட்டிலிருந்து குறையப் பல மாதங்கள் ஆகும், அதனால் ஒரு வாரம் பார்த்துவிட்டு “பூனை காரணம் இல்லை” என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 6: இப்போது பியூரிஃபையர்

தூசுப்பூச்சியின் எச்சம் கனமானது, கிளப்பிவிட்டாலும் சீக்கிரமே கீழே படிந்துவிடும். காற்றை வடிகட்டுகிற இயந்திரம் மெத்தைக்குள் கிடப்பதை எப்படி எடுக்கும்? பூனைப் புரதம், மகரந்தம், புகை மாதிரி காற்றில் மிதப்பவற்றுக்குத்தான் அது உதவும். சரி, வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அறையின் அளவுக்கு ஏற்ற, ஹெப்பா ஃபில்டர் உள்ள ஒன்றைப் பாருங்கள். ஓசோனை உண்டாக்கிக் காற்றைச் சுத்தப்படுத்துவதாகச் சொல்லும் வகையை மட்டும் தொடாதீர்கள், ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல்.