பழைய தேவாலயச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சை ஒட்டுப்போட

மதுரை வெளி வீதிகள் 1840-களில் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்த இடம். அங்கே நிற்கும் பழைய தேவாலயத்தின் செங்கல் சுவருக்குச் சிமெண்ட் பூசுவதுதான் முதல் கேடு. தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். உப்புப் பூத்து, செங்கல் மாவாய் உதிரும்.

விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகக் கேட்கும் இடத்தை உளியால் மெல்லக் கொத்தி எடுத்து, செங்கல் இணைப்புகளை 2 செ.மீ. ஆழம் சுரண்டி, நன்றாக நனையுங்கள். நீற்றுச் சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு. கடுக்காய், கருப்பட்டி ஊறிய நீரில் குழைப்பது நம்மூர் வழக்கம். கருப்பட்டி கூடினால் இறுகத் தாமதமாகும். ஒரு பூச்சு 10 மி.மீ. தாண்டினால் வெடிக்கும். சித்திரை வெயிலில் பூசாதீர்கள்! ஈரச் சாக்கு கட்டி ஒரு வாரமாவது நனையுங்கள். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள்.