கொழும்பா, பேராதனையா, வந்தாறுமூலையா: தெரிவு வரிசையில் விடும் பிழைகள்

உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி கைக்கு வந்ததும் நம் பிள்ளைகள் முதலில் தேடுவது போன வருடத்து வெட்டுப்புள்ளியை, அதாவது இடம் கிடைத்த ஆகக் குறைந்த புள்ளியைத்தான். எந்தக் கம்பஸுக்கு அது கூடவோ அதை முதலாவதாகவும், அடுத்ததை இரண்டாவதாகவும் அப்படியே விண்ணப்பத்தில் இறக்கிவிடுகிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நான் அதிகம் கண்ட பிழை இதுதான். நீங்கள் எழுதிய வரிசையைப் பார்த்தே இடம் தருவார்கள். புள்ளி போதுமென்றால் மேலே போட்டது கிடைத்துவிடும். அப்புறம் “எனக்கு விருப்பம் நாலாவதாகப் போட்டது” என்று சொல்லிப் பயனில்லை. மருத்துவம், பொறியியல் போன்றவற்றைப் பல பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. அங்கே நீங்கள் தெரிவு செய்வது, நாலைந்து வருடம் எந்த ஊரில் சீவிக்கப் போகிறீர்கள் என்பதைத்தான்.

வித்தியாசம் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் தெரியும். 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குப் போனபோது, மாணவர் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும் என்பதே எண்ணம். அந்தப் பின்னேரங்களால் நம் ஊருக்கும் ஒரு நன்மை வந்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் பேராதனை மாணவர்களைக் கொண்டே புதிதாக மேடையேற்றினார். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பிள்ளைகளை வைத்து அத்தனை நாள் ஒத்திகை பார்த்திருக்க முடியுமா?

கொழும்பின் பின்னேரம் வேறு மாதிரி. கணக்கியல் தொழில்சார் பரீட்சைகளுக்கான வகுப்பு, கம்பனிகளில் பயிற்சி, பகுதிநேர வேலை எல்லாம் ஒரு பஸ் தூரத்தில் இருக்கும். முகாமைத்துவமோ கணினியோ படிக்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் விரிவுரை முடிந்ததும் நேரே வெள்ளவத்தை அறைக்குப் போய் போனோடு படுத்துக்கொள்பவருக்குக் கொழும்பென்ன, கொக்கட்டிச்சோலையென்ன?

அடுத்த பிழை செலவுக் கணக்கில். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் காசில்லை, ஆகவே எங்கே போனாலும் ஒன்றுதான் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். முதலாம் வருடம் விடுதி கிடைத்தால் கடைசிவரை கிடைக்கும் என்றும் நம்பிவிடுகிறார்கள். இடம் போதாத கம்பஸ்களில் முதல் வருடத்தாருக்கும் இறுதி வருடத்தாருக்கும்தான் முன்னுரிமை. நடு வருடங்களில் வெளியே அறை தேட வேண்டும். என் தம்பி இரண்டாம் வருடத்தில் அப்படி வெளியே வந்தபோது, அறை முற்பணத்துக்காக அம்மா காப்பை அடைவு வைத்தார். மகாபொல உதவிப்பணம் வரும் என்றுதான் நாங்களும் இருந்தோம். அது வந்தது, ஆனால் வீட்டுக்காரர் கேட்ட நாளில் வரவில்லை. ஆகவே நான்கு வருடக் கணக்கில் குறைந்தது இரண்டு வருடத்துக்கு வெளி அறை வாடகையைப் போட்டுப் பாருங்கள். கொழும்புக்கும் பேராதனைக்கும் உள்ள இடைவெளி அப்போது தெரியும்.

பெயரை வைத்து இடத்தைத் தீர்மானிப்பதும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பம் கிடைத்தால் போக வேண்டியது ஹோமாகம, பிட்டிபனைக்கு. அதே பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபாளி வளாகம் ஹொரணையில் இருக்கிறது. இங்கும் அப்படித்தான்: தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என்றால் ஒலுவில், ஆனால் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் கல்லடியில்.

வந்தாறுமூலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்குள்ள கம்பஸ் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. “வீட்டுக்குப் பக்கத்தில் என்ன கம்பஸ்?” என்று அதைக் கடைசியில் தள்ளுகிறவர்கள் ஒரு பக்கம். பக்கம்தானே என்று களுவாஞ்சிக்குடியிலிருந்து நாளாந்தம் பஸ் மாறி மாறிப் போய்வருகிறவர்கள் மறுபக்கம். இரண்டாவது கூட்டம்தான் எனக்குக் கவலை. நகரமும் இல்லை, விடுதி வாழ்க்கையும் இல்லை, பாதி நாள் பஸ்ஸில் போய்விடும். விடுதியில் இடம் கிடைத்தால், வீடு கிட்ட இருந்தாலும் தங்குவதே நல்லது.

பகிடிவதைக்குப் பயந்து விடுதியுள்ள கம்பஸைத் தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். பயம் நியாயமானது, பகிடிவதைக்கெதிரான சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. ஆனால் நகரத்துக் கம்பஸ் என்பதால் மட்டும் பகிடிவதை அங்கே இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம்.

போய்வரும் பாதையையும் பாருங்கள். வரைபடத்தில் கொழும்பைவிடக் கண்டி கிட்ட. ஆனால் மட்டக்களப்பிலிருந்து ரயில் கொழும்புக்குத்தான் நேரே போகும். பேராதனைப் பிள்ளைக்குப் பஸ்தான் கதி, மலைப்பாதையில் வாந்தி எடுக்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கலாம்.

விண்ணப்பத்தை அனுப்ப முன், உங்கள் பாடசாலையிலிருந்து அங்கே போன அக்கா, அண்ணா யாரிடமாவது பேசுங்கள். கம்பஸ் எப்படி என்று கேட்டால் “சூப்பர்” என்றுதான் வரும். நேற்றுப் பின்னேரம் என்ன செய்தார்கள், இரவுச் சாப்பாடு எங்கே, அதற்கு எவ்வளவு போனது என்று கேளுங்கள்.